நாற்பது விருந்தாளிகளும் ஒரு ஹீட் பம்பும்

சவூதியின் தம்மாமில் ஜூலை மாதத்தில் கார் ஸ்டியரிங்கை வெறுங்கையால் தொட முடியாது. சீட்டில் கிடக்கும் பழைய துண்டைச் சுற்றித்தான் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்து ஓட்டி வந்து, அலுவலகத்துக்குள் நுழைந்ததும் நாற்காலியில் தொங்கும் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, பனி கொட்டும் ஓர் ஊரில் வீட்டுக்குள் இருப்பவர்களுக்குக் கால் சில்லிடாமல் இருக்க என்ன வழி என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டவன் நான். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. என் மனைவியும் நம்பவில்லை. "வெயில்ல மூளை உருகிடுச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

இப்போது ஓய்வு பெற்று, வீட்டுச் சாமான்களை அட்டைப்பெட்டிகளில் கட்டிக்கொண்டிருக்கிறேன். எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று நான்கு பக்கமும் எழுதி ஒட்டுகிற ஆள் என்பதால் வேலை மெதுவாக நடக்கிறது. இதற்கிடையில் அலுவலகத்திலிருந்து ரேஷ்மா ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தாள். தம்மாமிலேயே பிறந்து வளர்ந்து, பொறியியல் படித்து, என் பக்கத்து நாற்காலிக்கு வந்து சேர்ந்த பெண்.

"சார், நம்ம பழைய டெம்ப்ளேட்ட புது சாஃப்ட்வேருக்கு மாத்துறோம். அதுல சில திங்ஸ் ரொம்ப ஃபன்னியா இருக்கு. ஸ்னோ விழுற ஊரு வீட்டுக்கும் மெய்ட்ஸ் ரூம் வருது சார். அதுல ஒரு ஆளு இருபத்துநாலு மணி நேரமும் இருக்காங்க. டெலீட் பண்ணிடவா?"

ஒரு சொல்லில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் அந்த ஒரு ஆளை அழிப்பதா வேண்டாமா என்று எங்கள் அலுவலகத்தில் ஒருமுறை சண்டையே நடந்திருக்கிறது. அதைச் சொல்லாமல் பதிலைச் சொன்னால் விளங்காது. ஆகவே எழுதுகிறேன். நேரமில்லாதவர்கள் கடைசி வரிக்குப் போய்விடலாம். நாங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டுகளையும் வாடிக்கையாளர்கள் அப்படித்தான் படித்தார்கள்.

திருச்சியில் மெக்கானிக்கல் படித்தபோது, குளிரூட்டல் பாடப்புத்தகத்தின் கடைசியில் வீட்டைச் சூடாக்குவது பற்றி ஓர் அத்தியாயம் இருந்தது. பேராசிரியர் அந்தப் பக்கங்களைச் சேர்த்துப் பிடித்து ஒரே புரட்டாகப் புரட்டிவிட்டு, "இது நமக்கு எதுக்கு?" என்றார். மின்விசிறி நின்றுபோன வகுப்பில் மே மாதத்தில் உட்கார்ந்திருந்த எங்களுக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை. பிறகு கோவையில் ஒரு நூற்பாலை, கத்தாரில் ராஸ் லஃபான் சைட்டில் சில வருடங்கள், அதன் பிறகு தம்மாமில் இந்தக் கன்சல்டன்சி. எங்கே போனாலும் வேலை ஒன்றுதான்: உள்ளே வந்துவிட்ட சூட்டை வெளியே தள்ளுவது. சூடு எங்களுக்கு எதிரி. எதிரியைக் குறைத்து எடைபோடக் கூடாது என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம். கடைசிப் பாடமும் அதுவே என்று நினைத்திருந்தோம்.

அந்தப் பாடத்தை ஒரு மதம்போலக் கடைப்பிடித்தவர் எங்கள் தலைமைப் பொறியாளர் செல்லத்துரை சார். பாளையங்கோட்டைக்காரர். தம்மாமில் பாதி வாழ்க்கையைக் கழித்தும் பேச்சில் தாமிரபரணித் தண்ணீர் வற்றாதவர். எங்கள் எல்லோரையும் "வே" போட்டுத்தான் கூப்பிடுவார். அவரிடம் ஒரு கணக்கை எடுத்துப் போனால், விடையைப் பார்க்க மாட்டார். முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். பிறகு வரிசையாகக் கேட்பார்.

"ஆளு எத்தனைவே?"

"ஆறு பேர் சார்."

"ஏழு போடும். விளக்கு?"

"முப்பது."

"நாப்பது போடும். ஃப்ரிட்ஜு?"

"ஒண்ணு."

"ஒரு ஃப்ரிட்ஜுல குடும்பம் நடத்துத வீட்ட நீரு சவூதியில பாத்திருக்கீராவே? ரெண்டு போடும். சேஃப் சைடு."

சேஃப் சைடு என்பது அவருடைய மந்திரம். ஆள், விளக்கு, ஃப்ரிட்ஜ் ஒவ்வொன்றும் சூட்டைத் தரும். சூட்டைக் கூட்டிக் கணக்கிட்டால் பெரிய ஏசி வரும். பெரிய ஏசி வந்தால் யாரும் புழுங்க மாட்டார்கள். யாரும் புழுங்காவிட்டால் யாரும் போன் செய்ய மாட்டார்கள். போன் வராத கட்டடமே நல்ல கட்டடம். அடியில் இருக்கும் எஞ்சினியர் கொஞ்சம் கூட்டுவான், மேலே இருப்பவன் அதற்குமேல் கொஞ்சம், சார் தன் பங்குக்கு, கடைசியில் கான்ட்ராக்டர் ஸ்டாக்கில் அடுத்த சைஸ்தான் இருக்கிறது என்று ஒன்று. எங்கள் கட்டடங்களில் புழுங்கியவர் ஒருவரும் இல்லை. நடுங்கியவர்கள் உண்டு. அவர்கள் போன் செய்வதில்லை, சால்வை வாங்கிக்கொள்கிறார்கள்.

இதற்கு எங்கள் அலுவலகமே சாட்சி. அதன் ஏசியும் சாரின் கணக்கு. ரிமோட்டில் என்ன எண் வைத்தாலும் அது டக்கென்று உயிர்பெற்று, பெருமூச்சோடு சில நிமிடங்களில் அறையை உறையவைத்துவிட்டு, டக்கென்று நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் டக். நாள் முழுக்க இதே கச்சேரி. ஜூலை மாதத்தில் கம்பளித் தொப்பி போட்டு உட்கார்ந்திருக்கும் தலைமைப் பொறியாளரை நீங்கள் வேறெங்கும் பார்த்திருக்க முடியாது. நாங்கள் தினமும் பார்த்தோம்.

இந்த அனுபவமெல்லாம் சேர்ந்து உருவானதுதான் ரேஷ்மா சொன்ன டெம்ப்ளேட். எந்த வீட்டைக் கணக்கிட்டாலும் அதை வைத்துத்தான் தொடங்க வேண்டும் என்பது சாரின் உத்தரவு. வளைகுடா வீடு என்றால் என்னவெல்லாம் இருக்குமோ அத்தனையும் அதில் இருந்தது. காட்டுவதற்கு ஒரு சமையலறை, சமைப்பதற்கு ஒரு சமையலறை. எப்போதும் எரியும் சரவிளக்கு. வியாழக்கிழமை மாலை மஜ்லிஸில், அதாவது விருந்தினர் கூடத்தில், நாற்பது பேர். வாரவிடுமுறை வெள்ளியும் சனியும். அப்புறம் வேலைக்காரப் பெண்ணுக்கு ஓர் அறை. வரைபடத்தில் சமையலறைக்குப் பக்கத்தில் ஜன்னல் இல்லாத சின்ன அறை எதுவானாலும், புரோகிராம் அதை வேலைக்காரப் பெண்ணின் அறை என்று தானாகவே அடையாளம் கண்டுகொள்ளும். அதைச் சொல்லிக்கொடுத்தவர்கள் இந்த ஊர் ஆர்க்கிடெக்டுகள். கண்டுபிடிப்பதில் அது ஒருமுறைகூடத் தவறியதில்லை.

பனி ஊர் வேலை எங்களுக்கு வந்தது தயாபரன் வழியாக. தயாபரன் என் குழுவில் இருந்த எஞ்சினியர், யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய அக்கா கல்யாணமாகி வடக்கே ஒரு குளிர்நாட்டில் இருக்கிறார். அக்காவின் கணவர் சிவநேசன் முன்பு தோஹா தொழில்பேட்டையில் ஒரு ஏசி ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்தவர். இப்போது அந்தக் குளிர்நாட்டில் ஒரு குடியிருப்புச் சங்கத்தில் பராமரிப்பாளர். வரிசையாகப் பழைய செங்கல் வீடுகள். எல்லாவற்றிலும் எரிவாயு பாய்லரை எடுத்துவிட்டு ஹீட் பம்ப் வைக்கப் போகிறார்கள். முதலில் பராமரிப்பாளரின் வீட்டில் வைத்துப் பார்ப்பது, சரியாக இருந்தால் மற்ற வீடுகளுக்கு என்று முடிவு. "என்ர மச்சான் தம்மாமில உந்தக் கணக்குத்தான் செய்யிறான்" என்று சிவநேசன் சங்கத்தில் சொல்லப்போக, கணக்கு எங்களிடம் வந்து விழுந்தது.

ஹீட் பம்ப் என்றால் பயப்பட வேண்டாம், திருப்பி மாட்டிய ஏசிதான். வெளியே உள்ள குளிர்ந்த காற்றிலும் மிச்சமிருக்கும் சூட்டை உறிஞ்சி, வீட்டுக்குள் ஓடும் தண்ணீரில் ஏற்றும். தண்ணீரை எவ்வளவு குறைந்த சூட்டில் கேட்கிறோமோ அவ்வளவு குறைவாக மின்சாரம் இழுக்கும். சங்கத்தின் கேள்வி இதுதான். சுவரில் ஏற்கெனவே மாட்டியிருக்கும் பழைய ரேடியேட்டர்களில் அந்தத் தண்ணீரை விட்டால் போதுமா, அல்லது தரையை உடைத்து அடியில் குழாய் பதிக்க வேண்டுமா? ரேடியேட்டர் சின்னது. அது கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் கேட்கும். தரை முழுவதும் சூடானால் முப்பத்தைந்து டிகிரித் தண்ணீரே போதும். அது நம் உடம்பைவிடக் குளிர்ந்த தண்ணீர். ஆனால் தரையை உடைப்பதென்றால் குடியிருப்பவர்கள் சாமானைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டும். ஆகவே உடைக்காமல் முடியுமா என்று வருடத்தின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும்.

தயாபரனுக்கு இது வெறும் கணக்கு இல்லை. அவருடைய அம்மா அந்தக் குளிர்காலத்துக்கு முன்னால் அக்கா வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. அப்பா போனபிறகு தனியாக இருந்தவர். மழைக்காலத்திலேயே மூச்சிழுப்பு வருகிற உடம்பு. "எங்கட அம்மா ஸ்வெட்டரைக் கண்ணாலயும் கண்டதில்லை அண்ணை" என்று என்னிடம் சொன்னார். "அவா அங்க போய் இழுப்போட படுத்தா, அக்கா வேலைக்குப் போவாவோ, அம்மாவைப் பாப்பாவோ?"

தயாபரன் மாடலைக் கட்டினார், நான் சரிபார்ப்பவன், சார் ஒப்புதல் தருபவர். உத்தரவுப்படி டெம்ப்ளேட்டில் தொடங்கி, வீட்டின் சுவர், கூரை, ஜன்னல் எல்லாம் கச்சிதமாகப் போட்டிருந்தார். விடை வந்தது: பழைய ரேடியேட்டரே போதும், முப்பத்தைந்து டிகிரித் தண்ணீரே தாராளம், கடும்பனி வாரத்திலும் கூடத்தில் இருபத்துமூன்று டிகிரி. ஹீட் பம்ப் பாதி நேரம் சும்மா இருக்கும்.

செல்லத்துரை சாருக்கு மகிழ்ச்சி. "பாத்தீராவே? ஒரு செங்கல்லக் கூட உடைக்க வேண்டாம். அனுப்பிரும்."

தயாபரன் அனுப்பவில்லை. மதியம் என் மேஜைக்கு வந்து நின்றார். "அண்ணை, இது பிழை எண்டு நினைக்கிறன். வெளியில மைனஸ் பன்னிரண்டு. ரேடியேட்டருக்குள்ள வாறது வெதுவெதுப்புத் தண்ணி. உள்ளுக்கு இருபத்திமூண்டு. எப்பிடி?"

"அக்காவைக் கேட்டீங்களா?"

"ஓம். இப்ப ரேடியேட்டர் கைய வைக்கேலாத சூடாம். மேல சொக்ஸ் காயப்போடுவாவாம். அப்பிடியும் கூடத்தில ரெண்டு ஜாக்கெட்டாம். வீட்டில ஒரே ஒரு இடம்தான் நல்ல சூடு எண்டு சொல்லுறா, குளியலறைத் தரை. அதுக்கு அடியில கரண்ட் வயர் போட்டுக் கிடக்காம். அங்கதான் அப்பத்துக்கு மா புளிக்க வைக்கிறவாவாம்."

கையை வைக்க முடியாத சூட்டில் இரண்டு ஜாக்கெட். வெதுவெதுப்புத் தண்ணீரில் இருபத்துமூன்று டிகிரி. இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும், அக்காவுக்குப் பொய் சொல்ல எந்தக் காரணமும் இல்லை. ரேடியேட்டர் தராத சூடு வேறு எங்கிருந்தோ வருகிறது. அறை அறையாக, எந்தச் சூடு எவ்வளவு என்று பிரித்துக் காட்டும்படி புரோகிராமைக் கேட்டேன். அது கூசாமல் காட்டியது.

கால் நீட்டினால் சுவரில் இடிக்கும் அந்தக் கூடத்தில், வியாழக்கிழமை மாலைதோறும் நாற்பது விருந்தாளிகள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் தலைக்குமேல் சரவிளக்கு இரவும் பகலும் எரிந்தது. ஒற்றை அடுப்பு வைத்த சமையலறையில் இரண்டு சமையலறைக்கான சமையல் நடந்தது. வெள்ளிக்கிழமை குடும்பமே வீட்டில் ஓய்வெடுத்தது, ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வேலைக்குப் போனார்கள். மாடிப்படிக்குக் கீழே, சமையலறையை ஒட்டி, துடைப்பமும் பழைய செருப்பும் போட்டுவைக்கிற ஜன்னலில்லாத சாமான் அறையில், ஒரு வேலைக்காரப் பெண் இருபத்துநாலு மணி நேரமும் குடியிருந்தாள். இத்தனை பேர் உடம்புச் சூட்டில் அந்த வீடு பனிக்காலத்தைக் கடந்துகொண்டிருந்தது. ஹீட் பம்ப் சும்மா இருந்ததில் ஆச்சரியம் இல்லை. அதற்கு உள்ளே நுழையவே இடம் இருந்திருக்காது.

நாங்கள் இருவரும் சாரின் அறைக்குப் போனோம். கம்பளித் தொப்பி, அரைக்கை ஸ்வெட்டர், முன்னால் சுலைமானி, பால் இல்லாத டீ. நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கூட்டிப் போட்டா என்னவே தப்பு? சேஃப் சைடுலதான இருக்கோம்?"

"இல்லைங்க சார். நமக்குச் சூடு எதிரி, அதனால கூட்டிப் போடறோம். அவங்களுக்குச் சூடு வேணும். வராத சூட்டை வரும்னு எழுதிக் குடுத்தா, அது வராத அன்னைக்கு அவங்க விறைச்சுப் போவாங்க."

"விருந்தாளி வராமயா இருப்பாவ?"

"நாப்பது பேரா சார்? வாரா வாரமா?"

சார் யோசித்தார். சவூதியில் இருந்து யோசித்தால் நாற்பது குறைவாகத்தான் தெரிந்திருக்கும். "சரி, நாப்பது வேண்டாம். பத்து வச்சுக்கிடும்."

"பத்து பேர் வராட்டி சார்?"

"நீரு ஏன்வே எப்பவும் வராட்டி, வராட்டின்னே பேசுதீரு?"

"நாம எப்பவும் வந்தா, வந்தான்னு பேசறோம் சார். வந்தாத்தான் நமக்குக் கஷ்டம். அங்க வராட்டித்தான் கஷ்டம்."

சார் சுலைமானியை எடுத்தார். அது ஆறிப் பச்சைத்தண்ணியாகியிருந்தது. அந்த அறையில் எந்த டீயும் நாலு நிமிடத்துக்குமேல் டீயாக இருந்ததில்லை. கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"அப்ப அந்த ஊருல சேஃப் சைடுங்கது, ஒருத்தனும் வராம இருக்கதுதானா?"

"ஆமா சார்."

"என்ன ஊருவே அது." உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார். பிறகு ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தார். விருந்தாளிகள் போனார்கள். சரவிளக்கு போனது. இரண்டாவது சமையலறை, வெள்ளிக்கிழமை விடுமுறை எல்லாம் போயின. கடைசியில் வேலைக்காரப் பெண்ணிடம் வந்து நின்றுகொண்டார்.

"அத மட்டும் விட்டுரும்."

"சார், அந்த ஊர்ல வேலைக்கு ஆள் வச்சிக்கறதே கிடையாது. தயாவோட அத்தான் குடுத்த பட்டியல்ல மூணு பேர்தான். அவர், அக்கா, பையன். மூணு பேரும் பகல்ல வெளியே போயிடுவாங்க."

"தயா, ஒம்ம அம்மா போறாங்கல்லா?"

"ஓம் சேர்."

"அப்ப வீட்டுல ஒரு ஆளு எப்பவும் இருக்குல்லா? ஒரு ஆளு ஒடம்புச் சூடு நூறு வாட்டு. அந்தக் கணக்குல வேலைக்காரிய அப்பிடியே விட்டுரும். பேர மட்டும் அம்மான்னு மாத்திரும்."

தயாபரன் பொதுவாக சாரை எதிர்த்துப் பேசுகிறவர் இல்லை. அன்று பேசினார். "சேர், அம்மாவுக்குக் குளிரக்கூடாது எண்டுதான் இந்தக் கணக்கே. அம்மாவையே ஹீட்டரா வச்சுக் கணக்குப் போடவேண்டாம்."

சார் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "எடுத்துரும்" என்றார் என்னிடம். எடுத்துவிட்டேன். ஆனாலும் மனது ஆறாமல், "பம்பையாவது ஒரு சைஸ் பெருசா போடும்வே. ஒரு இதுக்கு" என்றார்.

தேவைக்குப் பெரிய பம்ப் வைத்தால் அது நிமிடத்தில் சூடேற்றிவிட்டு நிற்கும், உடனே மறுபடி ஓடும், நிற்கும், ஓடும், சீக்கிரம் கெட்டுப்போகும் என்று விளக்க வாயைத் திறந்தேன். அதற்குள் கூரையில் எங்கள் ஏசி டக் என்று நின்றது. மூவரும் மேலே பார்த்தோம். தயாபரன் ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் டக் என்று அது மறுபடி கிளம்பியது. சார் தொப்பியைக் காதுவரை இறக்கிக்கொண்டார்.

"சரிவே. கணக்குல வாறதே போடும்."

அவர் பணிவாழ்க்கையில் ஒன்றையும் கூட்டாமல் கையெழுத்திட்டது அந்த ஒரு ரிப்போர்ட்டில்தான். மறுவாரமே அதற்குப் 'பனிக்கால சேஃப் சைடு முறை' என்று பெயரிட்டு, தானே கண்டுபிடித்ததாக ரியாத்தில் ஒரு கூட்டத்தில் பேசிவிட்டும் வந்தார். கேட்டவர்கள் எல்லோரும் எங்களைப் போலவே குளிரூட்டுகிற எஞ்சினியர்கள். நன்றாகக் கைதட்டினார்களாம்.

ஆட்களைக் காலிசெய்துவிட்டுப் போட்ட கணக்கு வேறு விடை சொன்னது. பழைய ரேடியேட்டரில் வெதுவெதுப்புத் தண்ணீர் விட்டால் கூடம் பதினான்கு டிகிரியைத் தாண்டாது. கொதிநீர் விட்டால் வீடு ஓரளவு சூடாகும், ஆனால் பம்ப் மூச்சுவாங்கிக்கொண்டு மின்சாரத்தைக் குடிக்கும். கீழ்த்தளத் தரையை உடைத்துக் குழாய் பதித்து, மாடியில் மட்டும் பெரிய ரேடியேட்டர் மாட்டினால் எல்லாம் சரியாக வரும். ஒரே ஒரு எச்சரிக்கை: தரை மெதுவானது. சூடாகப் பாதி நாள் எடுக்கும். ஆகவே ஏசி மாதிரி அணைத்து அணைத்துப் போடக் கூடாது. இதைத் தடித்த எழுத்தில், கடைசிப் பக்கத்திலும் முதல் பக்கத்திலும் போட்டேன்.

சிவநேசன் தரையை உடைத்தார், குழாய் பதித்தார். அம்மாவும் போய்ச் சேர்ந்தார். பனி தொடங்கிய வாரத்தில் தயாபரன் என்னைத் தேநீர் அறைக்குக் கூப்பிட்டார். கையில் போன்.

"அம்மா நடுங்குறா அண்ணை. இழுப்பு துவங்கிட்டுது. காலமை எழும்பேக்க சூடாக் கிடக்காம், மத்தியானத்தில ஐஸாம். பின்னேரம் அக்கா வரேக்கயும் குளிராம், பிறகு படுக்கிற நேரம்தான் சூடு வருதாம்."

செய்தி எப்படித்தான் போனதோ, சாரும் வந்துவிட்டார். "நான் சொன்னேன்லாவே? பத்து விருந்தாளியையாவது விட்டு வச்சிருக்கலாம்."

கணக்கு தவறு என்றால் வீடு எப்போதும் குளிர வேண்டும். காலையில் சூடு, பகலில் குளிர், படுக்கும் நேரத்தில் சூடு என்றால் அது கணக்கின் வேலை இல்லை, கையின் வேலை. யாரோ காலையில் அணைக்கிறார்கள், மாலையில் போடுகிறார்கள். சிவநேசனைப் போனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டு, நானே கேட்டேன்.

"ஓம் அண்ணை, நான்தான் நிப்பாட்டிப் போட்டுப் போறன்" என்றார், கொஞ்சம் பெருமையாகவே. "தோஹாவில இருந்து வந்த பழக்கம். ஆள் இல்லாத அறையில ஏசி ஓடினா கேம்ப் பொஸ் வெளுத்து வாங்கிப்போடுவான். பகலில வீட்டில ஒருத்தரும் இல்லைத்தானே, ஏன் சும்மா ஓடவேணும்?"

தேநீர் அறையில் மூன்று பேர் இருந்தோம். மூன்று பேருக்கும் அந்த வாக்கியம் ஒரே நேரத்தில்தான் உறைத்திருக்க வேண்டும். தயாபரன்தான் கேட்டார்.

"அத்தான், அம்மா வீட்டிலதானே?"

"ஓம்... அவா இருக்கிறா. அவா ஒண்டும் சொல்லேல்லையே" என்றார். நல்ல மனிதர். சாமான் அறையை வெள்ளையடித்து, அம்மாவுக்கு அதில் கட்டில் போட்டுக் கொடுத்தவரும் அவர்தான். அந்த வீட்டுக் கணக்கிலிருந்து ஆளை எடுத்த நான் அறையை எடுக்கவில்லை. அது படுக்கையறை என்றே வரைபடத்தில் நின்றுவிட, தம்மாமிலிருந்து வந்த வரைபடமாயிற்றே என்று அங்கேயும் குழாய் பதித்திருந்தார்கள். மாடி ஏற முட்டி ஒத்துழைக்காதவருக்கு அதுவே அறையாகிவிட்டது. காலையில் பேரனை அனுப்பிவிட்டு, வீட்டைக் கூட்டி, சமைத்து, துணி மடித்து, மாலையில் எல்லோரும் வரும்வரை அந்த வீட்டில் இருக்கும் ஒரே ஆள் அவர்தான்.

தயாபரன் அம்மாவை அழைத்தார். "அம்மா, சுவரில ஒரு பட்டன் கிடக்கெல்லே. குளிருதெண்டா அதைப் போட்டிருக்கலாம்தானே?"

"தெரியும் மோனை. உன்ர அக்கா காட்டித் தந்தவள்" என்றது போன். இடையில் மூச்சு விசிலாய் இழுத்தது. "எனக்கு ஒருத்திக்காக ஏன் உது ஓடவேணும்?"

தயாபரன் போனைக் கீழே வைத்துவிட்டு, கழுவிய டம்ளர்களை மறுபடி கழுவத் தொடங்கினார். சார் அவர் தோளில் கைவைத்தார். அவருடைய கை எப்போதும்போல் ஜில்லென்றுதான் இருந்திருக்கும். பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"இதுக்குத்தாம்வே அந்த ஒரு ஆள எடுக்காதீரும்னு சொன்னேன்."

அவர் இதற்காகச் சொல்லவில்லை. நூறு வாட்டுக்காகச் சொன்னார். ஆனாலும் எங்கள் டெம்ப்ளேட்டைத் தவிர வேறு எந்தக் கணக்கிலும் அந்த ஆள் இல்லை. மருமகன் பட்டியலில் இல்லை, சங்கத்தின் பட்டியலில் இல்லை, அம்மாவின் சொந்தக் கணக்கிலும் இல்லை. அதனால் நான் வாதாடவில்லை.

அன்றே சிவநேசனுக்குப் போனில் சொல்லிச் சொல்லி, பகலிலும் ஓடும்படி கன்ட்ரோலரை மாற்றவைத்தேன். அணைக்கிற பட்டனுக்கு ஒரு மூடி போட்டு ஸ்க்ரூ முடுக்கச் சொன்னேன். ஆசாமி ஒர்க்ஷாப் கைக்காரர், ஒழுங்காக முடுக்கினார். தரை சூடாகப் பாதி நாள் எடுத்தது, ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் எழுதியிருந்தபடியே. பிறகு குளிரவில்லை. இழுப்பு மருந்தோடு அடங்கியது. பிறகொரு நாள் தயாபரன் அக்கா அனுப்பிய படம் ஒன்றைக் காட்டினார். சாமான் அறைத் தரையில் அம்மா பாய்விரித்துக் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் மூடிபோட்ட அப்ப மாச் சட்டி. குளியலறையிலிருந்து அதை இங்கே மாற்றிவிட்டார்களாம், இங்கே சீக்கிரம் புளிக்கிறதாம்.

ஆகவே ரேஷ்மா, உன் கேள்விக்கு வருகிறேன். நாற்பது விருந்தாளிகளைத் தாராளமாக அழி. சரவிளக்கை அணை. இரண்டாவது சமையலறையை இடித்துவிடு. வெள்ளிக்கிழமையை ஞாயிற்றுக்கிழமை ஆக்கு. சமையலறைக்குப் பக்கத்தில் ஜன்னல் இல்லாத அறையில் இருபத்துநாலு மணி நேரமும் இருக்கும் அந்த ஆளிடம் வரும்போது மட்டும் கொஞ்சம் நில். அவர் தரும் நூறு வாட்டைச் சுழியமாக்கிவிடு; அவருக்குச் சூடு வேண்டும், ஆளை எடுக்காதே.